டவர் இல்லாத கம்பெனி சிம் விற்பது எப்படி?

குடியாத்தத்தில் ரீசார்ஜ் கடை நடத்தும் ஒருவர் கேட்டது இது. அவருடைய அக்கா மகன் விஐடியில் படித்து முடித்துவிட்டு மேற்படிப்புக்கு அமெரிக்கா போயிருக்கிறான். டல்லாஸில் மின்ட் மொபைல் என்று ஒரு சிம் வாங்கியிருக்கிறான். "அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு டவர்கூடக் கிடையாதாம் சார். டி-மொபைல் டவரில்தான் ஓடுகிறதாம். ஆனால் டி-மொபைலிடமே போய் வாங்கினால் விலை அதிகம், இவர்களிடம் குறைவு என்கிறான். இது எப்படிக் கட்டுப்படியாகும்? நம்ம பக்கம் ஏன் இப்படி எதுவும் இல்லை? என்னை மாதிரி ஒருத்தன் ஆரம்பிக்க முடியுமா?"

ஆரம்பிக்க முடியுமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் ஆண்ட்ராய்டு போனை எடுத்து, செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் ஏபிஎன் (எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போவது என்று போனுக்குச் சொல்லும் அமைப்பு) பக்கத்தைத் திறங்கள். புது சிம்மில் நெட் வரவில்லை என்று வரும் கஸ்டமருக்கு நீங்கள் திருத்திக் கொடுக்கும் அதே பக்கம்தான். உள்ளே போய்க் கடைசிவரை கீழே தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் 'எம்விஎன்ஓ வகை' என்று ஒரு வரி இருக்கும். நம் ஊர் சிம்மில் அது சும்மா கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. உங்கள் அக்கா மகன் வாங்கியிருப்பது அந்த ரகம்தான். எம்விஎன்ஓ என்றால் சொந்தமாக டவரோ அலைக்கற்றையோ இல்லாமல், அவை உள்ள கம்பெனியிடம் மொத்தமாக வாங்கித் தன் பெயரில் சேவை விற்கும் கம்பெனி. ஒரே டவரில் பல கம்பெனி சிம்கள் ஓடும்போது, இது யாருடைய சிம் என்று போன் பிரித்தறிந்து சரியான ஏபிஎன்னைப் போட்டுக்கொள்ளத்தான் அந்த வரி.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வியாபாரம் உடனே புரியும். தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும் இங்கே. பெட்டியில் அச்சாகிற பெயர் ஏதோ ஓர் ஐரோப்பியக் கம்பெனியுடையது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரிடம் ஒரு தையல் மெஷின்கூட இருக்க வேண்டியதில்லை. ஒரே ஃபேக்டரியிலிருந்து இரண்டு பிராண்டுக்குச் சரக்கு போகும், கடையில் இரண்டுக்கும் விலை வேறாக இருக்கும்.

சரி, சிக்னல் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம்.

சிம்முக்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது. நாம் டயல் செய்யும் 10 இலக்க நம்பர் வேறு, இது வேறு. இதற்கு ஐஎம்எஸ்ஐ என்று பெயர். முதல் 3 இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. அடுத்த 2 அல்லது 3 இலக்கம் கம்பெனியைச் சொல்லும். மிச்சம் உங்களுக்கான எண். டவர்களும் தங்கள் கம்பெனியின் எண்ணைச் சதா ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. போனை ஆன் செய்ததும், தன் சிம் எந்த எண்ணுக்குப் போகச் சொல்கிறதோ அந்த எண்ணை ஒலிபரப்பும் டவரைத் தேடிப் பிடிக்கும்.

பிடித்தவுடன் 'உள்ளே வா' என்று டவர் விட்டுவிடாது. சிம்முக்குள் ஒரு ரகசியச் சாவி எழுதப்பட்டிருக்கிறது. அதே சாவி கம்பெனியின் சந்தாதாரர் தரவுத்தளத்திலும் இருக்கிறது. நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிம் அதைச் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். அந்தப் பக்கம் போட்ட கணக்கும் இதுவும் ஒத்துப்போனால்தான் சேவை. சாவி காற்றில் ஒருபோதும் பயணிப்பதில்லை. இந்தச் சோதனைக்கு டவர் யாருடையது என்பது முக்கியமே இல்லை. சந்தாதாரர் தரவுத்தளம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தொழில்நுட்பத்தில் விடை சொல்லும் இடம் அதுதான்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற வழியில் கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் போன் ஆந்திரா சர்க்கிள் டவருக்கு மாறிவிடுகிறது. அந்த டவர் உங்கள் சிம்மைப் பார்த்து, இது தமிழ்நாடு சர்க்கிள் சிம் என்று அறிந்து, இங்கே உள்ள தரவுத்தளத்திடம் கேட்டு அனுமதிக்கிறது. ரோமிங் என்பது அவ்வளவுதான். முழு அளவிலான எம்விஎன்ஓ என்பது கிட்டத்தட்ட எப்போதுமே ரோமிங்கில் இருக்கும் கம்பெனி. தரவுத்தளம் அவர்களிடம் இருக்கும், டவர் எப்போதும் அடுத்தவருடையதாக இருக்கும்.

'முழு அளவிலான' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எம்விஎன்ஓக்களில் பல படிகள் இருக்கின்றன. கீழ்ப் படியில் இருப்பவர்கள் பெயரும் விளம்பரமும் பிளானும் மட்டும் தங்களுடையதாக வைத்திருப்பார்கள். சிம், நம்பர், தரவுத்தளம், பில்லிங் எல்லாம் டவர்காரருடையது. நடுப் படியில் இருப்பவர்கள் பில்லிங்கையும் கஸ்டமர் கேரையும் தாங்களே செய்வார்கள். சிம்மில் இருக்கும் ஐஎம்எஸ்ஐ மட்டும் டவர் கம்பெனியின் வரிசையிலிருந்து வந்திருக்கும். அப்படியானால் அந்த எண்ணை வைத்து யார் சிம் என்று பிரிக்க முடியாது. அதனால் சிம்முக்குள் இருக்கும் ஜிஐடி என்ற குழு எண்ணையோ, எஸ்பிஎன் என்ற பெயர்க் கோப்பையோ பார்த்துப் போன் பிரிக்கிறது. ஏபிஎன் பக்கத்தில் பார்த்த வரியைத் தொட்டால் இந்தப் பெயர்கள்தான் வரும். போனின் மேல்மூலையில் டி-மொபைல் என்று வராமல் மின்ட் என்று வருகிறதே, அதுவும் இந்த மாதிரி கோப்புகளின் வேலைதான்.

மேல் படியில் இருப்பவர்களுக்குச் சொந்த ஐஎம்எஸ்ஐ வரிசை, சொந்த சிம், சொந்த தரவுத்தளம், இணையத்துக்குப் போகும் சொந்த வாசல் எல்லாம் உண்டு. போனிலிருந்து கிளம்பும் டேட்டா டவர் கம்பெனியின் கருவிகள் வழியாக ஒரு குழாய்க்குள் அடைபட்டு எம்விஎன்ஓவின் வாசலுக்கு வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் போகும். ப்ரீபெய்டு பாலன்ஸ் கழிவதும் அங்கேதான். அந்த வாசல், பில்லிங் கணினியிடம் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கும்: இவருக்கு இன்னும் இத்தனை எம்பி விடலாமா, விடலாம்; தீர்ந்தது, இன்னும் விடலாமா, பாலன்ஸ் இல்லை, நிறுத்து. உங்கள் கடையில் ரீசார்ஜ் போட்ட அடுத்த நொடி நெட் திரும்ப வருகிறதே, இந்தக் கேள்விக்குப் பதில் மாறியதால்தான்.

மேல் படியில் இருப்பதன் பெரிய லாபம் பேரம் பேசும் பலம். ஐஎம்எஸ்ஐ தன்னுடையது என்பதால் டவர் கம்பெனியை மாற்ற வேண்டுமானாலும் லட்சக்கணக்கான வாடிக்கையாளருக்குப் புது சிம் அனுப்பத் தேவையில்லை. கீழ்ப் படியில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. மாறுவதென்றால் ஒவ்வொருவர் போனிலும் சிம் மாற வேண்டும். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் வந்த பிறகு இந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கியூஆர் கோடு அனுப்பினால் போதும். இவ்வளவையும் தாமே கட்டிக்கொள்ள முடியாத சிறு கம்பெனிகளுக்குப் பில்லிங்கையும் கோர் நெட்வொர்க்கையும் (தரவுத்தளம், இணைய வாசல் போன்ற மையக் கருவிகள்) வாடகைக்குத் தருபவர்கள் தனியாக இருக்கிறார்கள். சென்னையில் இயங்கும் பிளின்ட்ரான் அப்படிப்பட்ட ஒன்று.

தமிழர்களுக்கு மிகவும் பழகிய எம்விஎன்ஓ எதுவென்று கேட்டால் லைகா மொபைல் என்பேன். படம் எடுக்கும் கம்பெனி என்றுதான் இங்கே பலருக்குத் தெரியும். ஈழத் தமிழரான அல்லிராஜா சுபாஸ்கரன் 2006இல் தொடங்கிய மொபைல் சேவை அது. புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குக் குறைந்த விலையில் பேச வேண்டும் என்ற ஒரே தேவையை வைத்து வளர்ந்தது. பிரிட்டனில் முன்பு ஓ2 டவரில் ஓடியது, பிறகு ஈஇ டவருக்கு மாறியது. பிரிட்டன் இந்தத் தொழிலுக்குத் தாய்வீடு மாதிரி: 1999இல் வர்ஜின் மொபைல் அங்கேதான் ஒன்2ஒன் என்ற கம்பெனியின் நெட்வொர்க்கில் ஆரம்பித்தது. 2003இல் டெஸ்கோ என்ற சூப்பர் மார்க்கெட்டே ஓ2வோடு கூட்டு சேர்ந்து சிம் விற்க வந்துவிட்டது. பால் வாங்க வருகிறவரிடம் சிம் விற்கத் தனியாக ஷோரூம் எதற்கு?

விலை குறைவதற்கான விடையும் இங்கேதான் பாதி இருக்கிறது. நெட்வொர்க் நடத்துவதில் பெரும் செலவு முன்கூட்டியே செய்தாக வேண்டிய செலவு. 2022இல் நடந்த 5ஜி ஏலத்தில் அலைக்கற்றைக்கு மட்டும் மொத்தம் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அதில் ஜியோவின் பங்கு மட்டும் 88 ஆயிரம் கோடி. அதன்பிறகுதான் டவர், ஃபைபர், கரண்ட், டீசல் எல்லாம். இத்தனையும் போட்ட பிறகு, ராத்திரி 2 மணிக்குக் காலியாகக் கிடக்கும் டவரில் இன்னும் நாலு பேர் வீடியோ பார்ப்பதால் கூடும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் தன்னால் பிடிக்க முடியாத வாடிக்கையாளரை இன்னொருவர் பிடித்துக்கொண்டு வந்தால், மொத்த விலைக்கு விற்பது டவர் கம்பெனிக்கும் லாபம்தான். எம்விஎன்ஓவோ பெரும்பாலும் ஷோரூம் வைப்பதில்லை, மாதத் தவணையில் போன் கொடுப்பதில்லை, ஆப்பிலேயே எல்லாம் முடிகிறது. மின்ட் மாதிரி கம்பெனிகள் 3 மாதம், 12 மாதம் என்று பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொள்கின்றன. அதனால் பாக்கி விழுவது கிடையாது.

இன்னொரு பாதியை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். விலை குறைந்த சிம்முக்கு வரிசையில் இடமும் பின்னால்தான்.

வைகாசியில் கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்று உங்கள் ஊரில் போன் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். சிக்னல் முழுசாகக் காட்டும், வாட்ஸப்பில் ஒரு போட்டோ போகாது. டவருக்கும் போனுக்கும் தூரமில்லை, அதனால் சிக்னல் இருக்கிறது. ஆனால் ஒரு டவர் ஒரு நொடியில் தரக்கூடிய டேட்டாவுக்கு ஓர் அளவு உண்டு, அதை லட்சம் பேர் பங்கு போடுகிறார்கள். யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பதை டவரில் உள்ள மென்பொருள் ஒரு நொடிக்கு ஆயிரம் முறை முடிவு செய்கிறது. 4ஜியில் ஒவ்வொரு இணைப்புக்கும் கியூசிஐ என்று ஒரு தர எண் உண்டு. வோல்ட்டி (4ஜி வழியாகப் போகும் கால்) பேச்சுக்கு 1, அந்தக் காலை இணைக்கும் சிக்னலிங்குக்கு 5, சாதாரண டேட்டாவுக்கு 6 முதல் 9 வரை. அமெரிக்காவில் டவர் கம்பெனிகள் தங்கள் விலை உயர்ந்த போஸ்ட்பெய்டு ஆட்களை இதில் முன்னாலும், எம்விஎன்ஓ ஆட்களைப் பின்னாலும் வைப்பது வழக்கம். டவர் காலியாக இருக்கும்போது இருவருக்கும் வேகத்தில் வித்தியாசமே தெரியாது. ஸ்டேடியம், ஏர்போர்ட், சாயங்கால நேர அபார்ட்மென்ட் என்று கூட்டம் சேரும்போதுதான் தெரியும். இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். ஆனால் 'அதே டவர், அதே சேவை' என்று விளம்பரம் செய்யும்போது பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

டவர் கம்பெனி போகாத இடத்துக்கு எம்விஎன்ஓவும் போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில் சிக்னல் கிடைக்காத வளைவில் புதுப் பெயரில் ஒரு சிம் வந்தால் மட்டும் கிடைத்துவிடப் போவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 2008இல் டாடா டெலிசர்வீசஸோடு சேர்ந்து வர்ஜின் மொபைல் இங்கே வந்ததே, அதை எம்விஎன்ஓ என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. சேவை டாடாவுடையது, பெயர் மட்டும் வர்ஜின். 2016 மே மாதக் கடைசியில்தான் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை விஎன்ஓ (எம்விஎன்ஓவும் இதில் அடக்கம்) உரிமத்துக்கான விதிகளை வெளியிட்டது. விதி வந்த மூன்று மாதம் கழித்து என்ன நடந்தது? செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. இலவச டேட்டா, இலவச கால். டவர் வைத்திருக்கும் கம்பெனிகளே நஷ்டத்தில் விற்கும்போது, அவர்களிடம் வாங்கி அதைவிடக் குறைத்து யார் விற்பது?

என் கணிப்பில் இங்கே இந்தத் தொழில் எழாததற்கு முதல் காரணம் இதுதான். எம்விஎன்ஓ பிழைப்பது மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையில் உள்ள சந்தில். அமெரிக்காவில் பெரிய கம்பெனியின் போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றுக்கு மாதம் 60, 70 டாலர் வாங்குகிறார்கள். அதனால் 15 டாலருக்கு விற்க இடம் இருக்கிறது. இங்கே ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கம்பெனிக்கு மாதம் சராசரியாக வருவதே 200 ரூபாய் அளவு. அதில் டவர்காரர், எம்விஎன்ஓ, உங்களை மாதிரி கடைக்காரர் என்று மூன்று பேர் பங்கு போட முடியாது. ரீசார்ஜ் கமிஷன் எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது காரணம், விதி இருந்தாலும் கட்டாயம் இல்லை. டவர் கம்பெனி விரும்பினால் ஒப்பந்தம் போடலாம், விரும்பாவிட்டால் விடலாம். மொத்த விலை என்ன என்பதும் இருவரும் பேசி முடிவு செய்வதுதான். தனியாரில் மூன்றே கம்பெனி மிஞ்சியிருக்கும்போது அவர்களுக்கு என்ன அவசரம்? மூன்றாவது, அடுத்த நெட்வொர்க்கிலிருந்து வரும் அழைப்பை எடுத்துக் கொடுப்பதற்கான கட்டணம். ஐரோப்பாவில் அழைப்புகளை இணைக்கும் சொந்த சுவிட்ச் வைத்திருந்த எம்விஎன்ஓக்களுக்கு இது ஒரு நல்ல வருமானமாக இருந்தது. இங்கே அது 2017 அக்டோபரில் நிமிடத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகி, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆகிவிட்டது.

அப்படியும் முயன்றவர்கள் உண்டு, அதுவும் நம் மாநிலத்திலேயே. 2018இல் ஏரோவாய்ஸ் என்ற பெயரில் பிஎஸ்என்எல் நெட்வொர்க்கின் மேல் ஒரு சேவை தமிழ்நாட்டில் தொடங்கியது. நாட்டின் முதல் எம்விஎன்ஓ என்று பேசப்பட்டது. உங்கள் கடைக்கு அந்த சிம்மைக் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஏர்செல் திவாலானபோது வேலூர் மாவட்டம் முழுக்கக் கடை கடையாக மக்கள் 1900க்கு போர்ட் மெசேஜ் அனுப்பிக்கொண்டு நின்றது நினைவிருக்கும். எம்விஎன்ஓ சிம் வைத்திருப்பவருக்கு அந்த ஆபத்து இரண்டு மடங்கு. தன் கம்பெனி மூடினாலும் சேவை போகும், கீழே இருக்கும் டவர் கம்பெனி மூடினாலும் போகும்.

ஆகவே, நீங்கள் ஆரம்பிக்க முடியுமா? உரிமம் வாங்கத் தகுதியுள்ள கம்பெனி ஒன்றைப் பதிவு செய்து, கட்டணம் கட்டி, டவர் கம்பெனி ஒன்றைச் சம்மதிக்க வைத்தால் சட்டப்படி முடியும். ஆனால் ரீசார்ஜ் கடைக்கும் இதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. இப்போது நீங்கள் விற்பது கம்பெனி வைத்த விலையில் கம்பெனியின் பொருளை. பில் தவறினால் திட்டு கம்பெனிக்கு. எம்விஎன்ஓ ஆகிவிட்டால் ஆதார் சரிபார்ப்பு, நம்பர் போர்ட்டிங், புகார் தீர்ப்பது, போலீஸ் கேட்கும்போது சட்டப்படி விவரம் தருவது எல்லாம் உங்கள் தலையில். சாதாரண சிம் விற்கும் எம்விஎன்ஓவாக இன்றைக்கு இறங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இடம் இருப்பது வேறு பக்கம். மனிதர் பேசாத சிம்கள் ஏராளமாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன. லாரியில் ஜிபிஎஸ், கடையில் கார்டு தேய்க்கும் மெஷின், கரண்ட் மீட்டர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை அளந்து அனுப்பும் கருவி. இவற்றுக்கு இந்தியாவில் 13 இலக்க நம்பர் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். மாதத்துக்குச் சில எம்பி டேட்டா போதும். விலையில் 10 ரூபாய் வித்தியாசத்துக்காக யாரும் போர்ட் ஆகி ஓட மாட்டார்கள். வாங்குகிறவர் விலையோடு கருவி, மென்பொருள், பழுது பார்க்கும் ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார். அந்த மூன்றையும் கையில் வைத்திருப்பவர் சிம்மையும் சேர்த்து விற்றால் கட்டுப்படியாகும்.

உங்கள் அக்கா மகன் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. மின்ட்டையே 2024 மே மாதம் டி-மொபைல் வாங்கிவிட்டது, அதற்கு முன் 2021இல் டிராக்ஃபோன் என்ற பெரிய எம்விஎன்ஓவை வெரைசான் என்ற இன்னொரு டவர் கம்பெனி வாங்கியது. நன்றாக ஓடும் எம்விஎன்ஓவை டவர் கம்பெனியே விலைக்கு வாங்குவது அங்கே வாடிக்கையாகிவிட்டது. அவனிடம் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். முதல் 3 மாத விலை முடிந்தபின் அதே விலையில் தொடர எத்தனை மாதத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும்? தங்கியிருக்கும் இடத்தில் சாயங்காலம் 8 மணிக்கு வேகம் எப்படி? பதில் சரியில்லையென்றால் நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். அங்கே 1900க்கு மெசேஜ் அனுப்பும் முறை கிடையாது, அக்கவுன்ட் எண்ணையும் டிரான்ஸ்ஃபர் பின் (PIN) எண்ணையும் பழைய கம்பெனியிடம் வாங்கிப் புதுக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். மாற்றம் முடியும்வரை பழைய சிம்மை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நம்பர் போய்விடும். அப்புறம், இங்கே அவன் விட்டுப்போன நம்பருக்கு வேலிடிட்டி தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேங்க் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும், ரீசார்ஜும் உங்கள் கடையிலேயே போட்டுவிடலாம்.